72 லட்சம் சொல்கிறார், எவ்வளவு கேட்பது?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 20 ஆண்டுப் பழைய அடுக்குமாடி ஒன்றில், முதல் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு பார்த்திருக்கிறோம். 950 சதுர அடி. மனையில் பிரிபடாத பாகம், அதாவது நிலத்தில் இந்த வீட்டுக்கு உரிய பங்கு, 480 சதுர அடி. உரிமையாளர் 72 லட்சம் சொல்கிறார். 70 லட்சத்துக்கு இன்னொருவர் தயாராக இருப்பதாகத் தரகர் அவசரப்படுத்துகிறார். கையில் 22 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன்தான். அந்தத் தெருவில் காலி மனை சதுர அடி 9,000 ரூபாய்க்குப் போகிறதாம். எவ்வளவு கேட்கலாம்? ஆடி முடியட்டும் என்கிறார் மாமியார்.
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: முதலில் அந்த 72-ஐ மறந்துவிடுங்கள், சகோதரி. அதில் ஐந்தைக் குறைப்பதா பத்தைக் குறைப்பதா என்று யோசிக்கத் தொடங்கினால், அவர் போட்ட கணக்கில் நீங்கள் கழித்தல் மட்டும் செய்துகொண்டிருப்பீர்கள். நாம் தரையிலிருந்து கூட்டிக்கொண்டு வருவோம். வீட்டுக்கடன் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில் மதிப்பீட்டாளர்கள் போட்ட கணக்கும் இதுதான்.

மனைப் பங்கு 480 சதுர அடி, 9,000 வீதம் 43 லட்சத்து 20 ஆயிரம். கட்டடத்தைப் புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 23 லட்சத்து 75 ஆயிரம். கட்டடத்தின் ஆயுளை 60 ஆண்டு என்று கொண்டு, கடைசியில் இடித்தாலும் தேறும் பொருளுக்கு 10 சதவீதத்தை விட்டுவிட்டு, மீதி 90-இல் கடந்துபோன 20 ஆண்டுக்கு 30 சதவீதம் தேய்மானம் கழியுங்கள். 16 லட்சத்து 60 ஆயிரம் நிற்கும். இரண்டும் சேர்ந்து 60 லட்சத்தை ஒட்டி வருகிறது. வங்கியின் மதிப்பீட்டாளரும் பெரும்பாலும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் நிற்பார்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் அந்த மனையின் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்றைப் பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அதே கட்டடத்தில் விற்பனையான மற்ற வீடுகளும் அதில் வரும். ஒவ்வொரு பதிவிலும் ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னது விற்றவரும் வாங்கியவரும் பத்திரத்தில் எழுதிய விலை, நமக்கு வேண்டியது அதுதான். கட்டியவரிடமிருந்து முதன்முதலில் வாங்கியபோது பெரும்பாலும் மனைப் பங்குக்கு மட்டுமே பத்திரம் போட்டிருப்பார்கள். அந்தச் சின்னத் தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் மறுவிற்பனைப் பதிவுகள் போதும். சிலர் விலையைக் குறைத்து எழுதியிருப்பார்கள் என்பதால் அதை அடிமட்ட விலை என்றே கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் பணப்பை. விலை 62 லட்சம் என்று வைப்போம். விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதில்தான் வங்கி 80 சதவீதம் தரும். 60-க்கு 48 லட்சம். நீங்கள் போட வேண்டியது 14. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்பது 5 லட்சத்து 58 ஆயிரம். இதற்கு வங்கியை நம்பாதீர்கள். தரகருக்கு ஒரு சதவீதம் என்றால் 62 ஆயிரம். மொத்தம் ஏறக்குறைய 20 லட்சத்து 20 ஆயிரம். மிச்சமிருக்கும் 1 லட்சத்து 80 ஆயிரத்தில் குளியலறைக் குழாய்களை மாற்றி, வெள்ளையடிக்கலாம். இதே கணக்கை 72-க்குப் போட்டால், தரகுக்கு முன்பே கையிலிருந்து 30 லட்சத்துக்கு மேல் வேண்டும். ஆகவே 62 உங்கள் உச்சவரம்பு. அதை ஒரு தாளில் எழுதி உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். பேச்சு சூடேறும்போது ‘இன்னும் ஒன்றுதானே’ என்று தோன்றும்.

தொடக்க விலை 57. அதற்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். மடிப்பாக்கம் 2015-லும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் பார்த்த இடம். தரைத்தளத்தில் மின் மீட்டர் பலகையைப் பாருங்கள். பழைய திருகாணி ஓட்டைகள் கீழே இருந்து, பலகை மட்டும் தலைக்கு மேலே ஏறியிருந்தால், தண்ணீர் எதுவரை வந்தது என்று ஊகித்துவிடலாம். தெருமுனையில் இஸ்திரி போடுபவரைக் கேட்டால் மீதியைச் சொல்வார். தரகர் சொல்லமாட்டார். லிப்ட் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். வீட்டை மட்டம் தட்டிப் பேச வேண்டியதில்லை. அவர் 20 ஆண்டு வாழ்ந்த வீடு, மனம் கோணினால் 62-க்கும் தரமாட்டார். ஏற்றும்போது படிகள் குறுகட்டும்: 57, 60, 61, பிறகு 61½. பணத்துக்குப் பதிலாக வேகத்தையும் கொடுக்கலாம். கடன் ஒப்புதல் கடிதத்தோடு போய், ‘ஆவணி முதல் வாரத்தில் பத்திரம்’ என்று சொல்பவருக்கு, வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிக்கும் உரிமையாளர் ஒரு லட்சம் விட்டுக்கொடுப்பார்.

மாமியார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பத்திரத்தை ஆவணிக்குத் தள்ளுங்கள், பேரத்தை ஆடியிலேயே முடியுங்கள். விசாரிக்க வருபவர்கள் குறையும் மாதம் அது. தரகரின் அந்த ‘இன்னொருவர்’ 70 லட்சத்தோடு உண்மையிலேயே இருந்தால், தரகர் உங்களுக்கு ஏன் போன் செய்கிறார்?

கேள்வி: 40 லட்சத்துக்கு வீடு பேசி முடித்தோம். இப்போது பத்திரத்தில் 28 எழுதி, மீதியை ரொக்கமாகக் கேட்கிறார் உரிமையாளர். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது. பத்திரத்தில் உள்ள 28-க்குத்தான் வங்கி கடன் தரும். மீதி 12-க்கு எங்கே போவீர்கள்? நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 28 என்றே கணக்காகி, லாபம் பெருத்து, அவர் கட்டாமல் விட்ட வரியையும் நீங்கள் கட்டுவீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே அவருக்கு அபராதம் வரலாம் என்பதையும் நயமாகச் சொல்லுங்கள். முழுத் தொகையும் பத்திரத்தில் ஏறுவதால் அவருக்கு வரி கூடும் என்பது உண்மைதான். அதற்காக அரை லட்சம் கூட்டிக் கேட்டால், 40½ என்று பத்திரத்தில் எழுதி, வங்கி வழியாகக் கொடுத்துவிடுங்கள்.