கேள்வி – பதில்: எழுதியதைப் படித்துத் தரும் நண்பர்கள்

கேள்வி: இணையத்தில் பழக்கமான ஓர் எழுத்தாளரும் நானும் கதைகளைப் பரிமாறிக்கொண்டு கருத்துச் சொல்வதென்று பேசியிருக்கிறோம். எப்படித் தொடங்குவது?

எடுத்த எடுப்பில் முழு நாவலை அனுப்பிவிடாதீர்கள். முதல் முறை ஒரு சிறுகதையோ ஒரு அத்தியாயமோ போதும். 2000 முதல் 3000 சொற்களுக்குள் இருக்கட்டும். அவரும் ஏறக்குறைய அதே அளவு அனுப்பட்டும். இரண்டு வாரம் கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் இருவருக்கும் வருத்தமில்லாமல் இந்தக் கட்டத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கதையோடு சேர்த்து மூன்று கேள்விகள் அனுப்புங்கள். “நல்லா இருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும், அதை வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. எந்தப் பத்தியில் சலிப்புத் தட்டியது? எந்த உரையாடலில் யார் பேசுகிறார்கள் என்று குழம்பினீர்கள்? முடிவு இன்னதுதான் என்று எங்கே ஊகித்தீர்கள்? இப்படிக் கேட்டால் பதிலில் இடம் தெரியும். இது எத்தனையாவது வரைவு என்பதையும் சொல்லிவிடுங்கள். முதல் வரைவில் எழுத்துப்பிழை பார்ப்பது வீண் வேலை. அவர் உட்கார்ந்து திருத்திய பக்கத்தை அடுத்த வாரம் நீங்களே வெட்டி எறியலாம்.

ஃபைல் விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகத் தெரியும். கூகுள் டாக்ஸில் பகிரும்போது எடிட்டர் உரிமை தராமல் கமெண்டர் உரிமை கொடுங்கள். அவர் செய்யும் மாற்றங்கள் பரிந்துரையாக மட்டும் நிற்கும், நீங்கள் ஏற்றுக்கொள்ளும்வரை மூலம் அப்படியே இருக்கும். வேர்டில் அனுப்பினால், செய்த மாற்றங்களைத் தனியாகக் காட்டும் ட்ராக் சேஞ்சஸ் வசதியை இயக்கிவிட்டு அனுப்புங்கள். அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் அதே கதையைத் திருத்த ஆரம்பித்துவிடாதீர்கள். நீக்கிவிட்ட காட்சிக்கு ஒரு பக்கம் கருத்து எழுதியவருக்கு அடுத்த முறை ஆர்வம் இருக்காது.

கேள்வி: என் நண்பர் ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தித் தருகிறார். போதாக்குறைக்கு, வட்டார வழக்கில் நான் எழுதிய உரையாடலை எழுத்துத் தமிழாக்கிவிடுகிறார்.

வல்லினம் மிகுமிடம், மிகா இடம் தெரிந்த ஒருவர் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுங்கள். ஆனால் அவரைக் கடைசி வரைவுக்கு அழையுங்கள். முந்தைய வரைவுகளைக் கதையோட்டம் பார்க்கத் தெரிந்த வேறொருவரிடம் கொடுங்கள். ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பதால்தான் பாதி மனத்தாங்கல் வருகிறது. பேச்சுமொழிக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பு வையுங்கள்: “மேற்கோள்குறிக்குள் இருப்பதை மாற்ற வேண்டாம். பொருள் விளங்காத சொல் இருந்தால் அடிக்கோடு மட்டும் போடுங்கள்.”

கேள்வி: கருத்தைப் படித்ததும் கோபம் வருகிறது. உடனே விளக்கம் எழுதி, அது வாக்குவாதத்தில் முடிகிறது.

அமெரிக்காவில் 1956-ல் தொடங்கிய மில்ஃபோர்டு எழுத்தாளர் சந்திப்பின் பெயரால் வழங்கும் ஒரு முறை உண்டு. கூடியிருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை கதையை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. அச்சில் வந்த கதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆசிரியர் விளக்கம் சொல்ல முடியாது அல்லவா? நீங்களும் கருத்து வந்த அன்றைக்கு “கிடைத்தது, நன்றி, படித்துவிட்டு எழுதுகிறேன்” என்பதோடு நிறுத்துங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.

படிப்பவர் சுட்டும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும், அவர் சொல்லும் தீர்வு பல சமயம் சரியாக இருக்காது. “முடிவு திடீரென்று வந்துவிட்டது” என்று ஒருவரும், “கடைசிப் பக்கத்தை நீட்டலாம்” என்று இன்னொருவரும் சொன்னால் முடிவில் கை வைக்க அவசரப்படாதீர்கள். நான்கு பக்கம் முன்னால் வரவேண்டிய ஒரு தகவல் வராமல் போயிருக்கலாம். ஒரே ஒருவர் மட்டும் சொல்லி, உங்களுக்கும் மனம் ஒப்பவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள். எழுதியவர் நீங்கள்.

கேள்வி: நண்பரின் கதை பிடிக்கவில்லை. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990-ல் வகுத்த முறை எழுத்துக்கும் பொருந்தும். முதலில், படைப்பில் உங்களைத் தொட்டது எது என்று சொல்வது. அடுத்து, படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பது. பிறகு நீங்கள் கேட்பது. ஆனால் அந்தக் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. கடைசியாக, அவர் சம்மதித்தால் மட்டும் உங்கள் அபிப்பிராயம். “அம்மா ஏன் இவ்வளவு முட்டாளாக இருக்கிறார்?” என்பது கேள்வி வேடத்தில் வந்த தீர்ப்பு. “கடிதம் வந்தது அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டுப் பாருங்கள், ஓட்டை எங்கே என்று அவரே கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: அனுப்பிய கதையைத் திருடிவிட்டால்?

எழுதி வைத்த கணமே பதிப்புரிமை உங்களுடையது; பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் அதற்குப் பதிவு கட்டாயமில்லை. கருவுக்கு உரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். தேதியுள்ள மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்திருங்கள். திருட்டைவிட அடிக்கடி நேர்கிற சிக்கல் வேறு. கருத்துக் கேட்பதற்காகக் கதையை எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டால், பல இதழ்கள் அதை ஏற்கெனவே வெளியான படைப்பாகக் கருதி நிராகரித்துவிடும். தனி அஞ்சலில் அனுப்புங்கள்.

கேள்வி: மூன்று வருடமாக என் வரைவுகளைப் படித்துத் தரும் தோழியை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. எப்படி நன்றி சொல்வது?

அவர் சொன்னது என்னவாயிற்று என்று தெரிவியுங்கள். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். “உங்கள் யோசனைப்படி இரண்டாம் காட்சியை முன்னுக்குக் கொண்டுவந்தேன், பெயர் மாற்றத்தை மட்டும் ஏற்கவில்லை, காரணம் இது” என்று நான்கு வரி எழுதி, முடித்த வடிவத்தையும் அனுப்புங்கள். தன் உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அவருக்கும் தெரிய வேண்டாமா?

கணக்கைக் கதையின் எண்ணிக்கையில் பார்க்காமல் சொல்லின் எண்ணிக்கையில் பாருங்கள். அவர் உங்கள் 80,000 சொல் நாவலைப் படித்திருக்க, நீங்கள் அவருடைய 3000 சொல் கதையைப் படித்துவிட்டுக் கடன் தீர்ந்தது என்று நினைக்க முடியாது. அவருடைய வரைவு வரும்போது கெடுவுக்குள் படித்துக் கொடுங்கள். முடியாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

புத்தகத்தின் நன்றியுரையில் பெயர் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் புனைபெயரை விரும்புவார்கள், சிலருக்குப் பெயரே வெளியே வரக் கூடாது. தனியே அனுப்பிய பாராட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து விளம்பரமாகப் போட வேண்டாம். புத்தகம் வந்ததும் மதிப்புரை எழுதச் சொல்லி அவரை நெருக்கவும் வேண்டாம். அதை வரைவிலேயே பார்த்தவர் புதிய வாசகராக எழுத முடியாது. அவராக முன்வந்து எழுதினால், வரைவைப் படித்தவர் என்று மதிப்புரையிலேயே ஒரு வரி குறிப்பிடச் சொல்லுங்கள்.