ஜாதகக் கட்டும் அறிவுஜீவியும்

வணக்கம் ஐயா,

கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். நம் பண்பாட்டைத் தீர்மானிப்பது சினிமாவும் அரசியலும்தான். படித்தவன் பேச்சை யார் கேட்கிறார்கள்? அறிவுஜீவிகளால் இங்கே ஏதாவது மாறியிருக்கிறதா? மகளுக்கு வரன் தேடி ஜாதகக் கட்டோடு அலைவதால் விரிவாக எழுத முடியவில்லை.

க.

அன்புள்ள க.,

சினிமாவைத் திட்டுவது நம்மூர் வாத்தியார்களுக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. விடுங்கள். உங்கள் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது.

ஜி. சுப்பிரமணிய ஐயரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1878இல் ‘தி இந்து’வைத் தொடங்கிய அறுவரில் ஒருவர். 1882இல் ‘சுதேசமித்திரன்’ ஆரம்பித்தவர். 1885இல் காங்கிரஸின் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். வகுப்பில் இதோடு மணியடித்துவிடும். 1889இல் பம்பாயில் காங்கிரஸ் கூடியபோது, சிறு வயதிலேயே விதவையான தன் மகளுக்கு அங்கே மறுமணம் செய்துவைத்தார். விதவை மறுமணச் சட்டம் 1856லேயே வந்தாயிற்று. இங்கே பெரும்பாலான வீடுகளில் அது வெறும் காகிதம். சொந்தபந்தம் அவரைத் தள்ளிவைத்தது. தலையங்கத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லா விசேஷத்துக்கும் பத்திரிகை வந்திருக்கும்.

சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு தலைமையாசிரியர் இருந்தார். பாரதி விழா என்றால் அவர்தான் பேச்சாளர். ‘மாதர் தம்மை இழிவு செய்யும் மடமை’ என்று குரல் தழுதழுக்கும். அவருடைய அக்கா ஒரு விதவை, நார்மடி உடுத்திய பாட்டி. எங்களுக்கு முறுக்கு கொடுப்பாள். பேச்சாளர் விழாவுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது, “அக்கா, கொஞ்சம் உள்ளே போ” என்பார். சகுனம். அவளும் முறுக்குத் தட்டோடு எழுந்து போவாள்.

படித்தவன் பேச்சை யார் கேட்கிறார்கள் என்கிறீர்களே, அவர் பேச்சை ஊரே கேட்டது ஐயா! கேட்டு, கைதட்டி, வீட்டுக்குப் போய் அவரவர் அக்காவை உள்ளே அனுப்பியது. பேச்சில் குறை ஒன்றுமில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பெண்ணைப் பெற்றவரின் தவிப்பு எனக்கும் தெரியும். தூங்கவிடாது. ஆனாலும் கேட்கிறேன்: அந்தக் கட்டில் வேற்றுச் சாதிப் பையன் ஒருவனின் ஜாதகமாவது இருக்கிறதா? யாரையாவது பிடித்திருக்கிறதா என்று மகளிடம் கேட்டீர்களா? இன்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.