பையோடு ஓடலாமா? மகனைத் தூக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நோய்) முற்றிப்போனதால், ஐந்து மாதங்களுக்கு முன் பெருங்குடலை அகற்றி, வயிற்றின் வலப்பக்கத்தில் இலியாஸ்டமி வைத்தார்கள்; அதாவது சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, கழிவு ஒரு பையில் சேரும்படி செய்தார்கள். அறுவைப் புண் நன்றாக ஆறிவிட்டது. நோய்க்கு முன் தினமும் காலையில் ஓடுவேன், நீந்துவேன். இப்போது அம்மா என்னைக் குனியக்கூட விடுவதில்லை. சென்ற வாரம் மூன்று வயது மகன் மடியில் தாவி ஏறியபோது அவன் கால் ஸ்டோமாவில் (வெளியே தெரியும் அந்தக் குடல் முனையில்) பட்டுக் கொஞ்சம் ரத்தம் வந்தது. பயந்துபோய், அன்று முதல் ஒரு துண்டை மடித்து அதன் மேல் வைத்து இறுக்கமாக பெல்ட் கட்டிக்கொள்கிறேன். அப்படியும் பை ஒழுகுகிறது. முன்பைவிட அதிகமாகவே ஒழுகுகிறது. நான் மறுபடி ஓடலாமா, நீந்தலாமா? 14 கிலோ எடையுள்ள மகனைத் தூக்கலாமா? ஸ்டோமாவுக்குக் கவசம் வாங்க வேண்டுமா?

பதில்: ஓடலாம், நீந்தலாம். மகனையும் தூக்கலாம், ஆனால் முன்பு தூக்கிய மாதிரி அல்ல. கவசம் இப்போதைக்கு வேண்டாம். இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள்: அந்தத் துண்டையும் பெல்ட்டையும் இன்றே கழற்றிவிடுங்கள்.

பை அதிகமாக ஒழுகுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஸ்டோமாவிலிருந்து வருவது தடையில்லாமல் பையின் அடிப்பகுதிக்கு இறங்க வேண்டும். மேலே துண்டை வைத்து அழுத்தினால் அது இறங்க வழியின்றி ஸ்டோமாவைச் சுற்றியே தேங்கி, பையைத் தோலோடு ஒட்டவைக்கும் தட்டின் அடியில் புகுந்து தட்டைக் கிளப்பிவிடும். சிறுகுடலிலிருந்து வரும் இந்தத் திரவத்தில் செரிமான நொதிகள் இருப்பதால், தோலில் பட்டால் சில மணி நேரத்திலேயே தோலை அரித்துப் புண்ணாக்கும். தட்டின் அடியில் அரிப்போ எரிச்சலோ தெரிந்தால், வெளியே ஒழுகாவிட்டாலும் உள்ளே கசிந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் மேலே இன்னொரு பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்காமல், தட்டையே மாற்றுங்கள்.

இனி அந்த உதை. ஸ்டோமா என்பது உங்கள் குடலின் உட்புறச் சவ்வு. அதில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நெருக்கமாக இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிவதுபோல, துடைக்கும்போதோ லேசாக அடிபட்டாலோ இதிலும் கசியும். ஈரத்துணியால் சில நிமிடம் மென்மையாக அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அப்படி நிற்காத ரத்தமும், மேற்பரப்பிலிருந்து அல்லாமல் துவாரத்தின் உள்ளேயிருந்து வரும் ரத்தமும்தான் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. மூன்று வயதுக் குழந்தையின் கால் படுவதை ஸ்டோமா தாங்கும்.

அது தாங்காதது, நாள் முழுக்க ஒரே இடத்தில் உரசும் அழுத்தத்தை. காரணம், ஸ்டோமாவில் வலியுணர் நரம்புகள் கிடையாது. விரலில் செருப்பு கடித்தால் உடனே தெரிகிறது. ஸ்டோமாவைப் பெல்ட்டோ பாவாடை நாடாவோ கால்சட்டையின் இடுப்புப் பட்டையோ நாளெல்லாம் அறுத்துக்கொண்டிருந்தாலும் தெரியாது. தட்டில் வெட்டிய துளை சிறியதாகப் போய்விட்டால் அதன் விளிம்பும் இதே வேலையைச் செய்யும். ஆகவே வலியை நம்பாமல் கண்ணை நம்புங்கள். தட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி வைத்து, கீழ்ப்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். சிவப்பின் நடுவே வெண்மையாகவோ மஞ்சளாகவோ ஒரு கோடு தெரிந்தால் அது வெட்டு. உரசும் பொருள் எதுவென்று கண்டுபிடித்து அகற்ற வேண்டும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். அறுவைக்குப் பின் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமாவின் வீக்கம் வற்றி அது சுருங்கும். மருத்துவமனையில் வெட்டிக் காட்டிய அளவிலேயே இன்னும் துளை வெட்டுகிறீர்கள் என்றால், இப்போது அது பெரிதாக இருக்கும். இடையில் தோல் வெளியே தெரியும். அதுவும் ஒழுகலுக்குக் காரணமாகும். ஸ்டோமாவைச் சுற்றி 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஸ்டோமா செவிலியரிடம் சென்று ஒருமுறை மீண்டும் அளந்துகொள்ளுங்கள். நின்றும் உட்கார்ந்தும் காட்டுங்கள். படுத்தால் சமமாக இருக்கும் வயிறு, உட்கார்ந்தால் மடிப்பு விழும். தட்டு கிளம்புவது அந்த மடிப்பில்தான்.

நீங்கள் காக்க வேண்டியது ஸ்டோமாவைச் சுற்றியுள்ள வயிற்றுச் சுவரை. குடலை வெளியே கொண்டுவர வயிற்றுத் தசையில் ஒரு வழி போட்டிருக்கிறார்கள். அது இருக்கும்வரை அந்த இடம் பலவீனமானதுதான். வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும்போதெல்லாம் அந்த வழியை ஒட்டி உள்ளேயிருக்கும் குடல் பிதுங்கப் பார்க்கும். ஸ்டோமாவை ஒட்டிய குடலிறக்கம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இது மிகவும் சாதாரணமாக வரும் சிக்கல். முதல் இரண்டு ஆண்டுகளில் வாய்ப்பு அதிகம். மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்குவது, தீராத இருமல், புகைப்பழக்கம், வயிற்றைச் சுற்றிச் சதை போடுவது ஆகியவை அதை வரவழைக்கும். படுத்தே கிடப்பது தடுக்காது. படுக்கையில் தசை மேலும் தளர்ந்து, எடையும் ஏறினால் நிலைமை மோசமாகவே செய்யும். முதல் சில வாரங்களில் உங்கள் அம்மா கண்டித்தது சரி. ஐந்து மாதம் கழித்தும் குனியக் கூடாது என்பது சரியல்ல. இந்தப் பத்தியை அவரிடமே படிக்கக் கொடுங்கள். என்மேல் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தசைப் பயிற்சியை இப்படித் தொடங்குங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்துக்கொள்ளுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி தொப்புளுக்குக் கீழ்ப்பகுதியை முதுகெலும்பை நோக்கி உள்ளிழுத்து, மூன்று முதல் ஐந்து நொடி பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள். மூச்சை அடக்கக் கூடாது. முழுபலத்தையும் காட்ட வேண்டியதில்லை. அது பழகியதும், அதே நிலையில் இடுப்பை லேசாக மேல்நோக்கிச் சாய்த்து முதுகு தரையில் பதியச் செய்யுங்கள். பிறகு இரு முழங்கால்களையும் சேர்த்து இடமும் வலமும் மெல்லச் சாய்த்துத் திரும்புங்கள். பார்ப்பதற்கு உடற்பயிற்சி மாதிரியே தெரியாது. ஆனால் வயிற்றை உள்ளிருந்து கட்டிப்பிடிக்கும் ஆழ்ந்த தசை வேலை செய்வது இப்போதுதான். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்து உட்காரும் பயிற்சியை மட்டும் விட்டுவிடுங்கள். படுக்கையிலிருந்து எழும்போதும் அப்படியே: முதலில் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல், தும்மல் வரும்போது உள்ளங்கையால் ஸ்டோமாவின் மேல் லேசாகத் தாங்கிக்கொள்ளுங்கள்.

மகனைத் தூக்கும் விஷயம். பொதுவாக அறுவைக்குப் பின் மூன்று மாதம் பாரம் தூக்க வேண்டாம் என்போம். நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். ஆனால் ஐந்து மாதம் எதையும் தூக்காத வயிறு, எடுத்த எடுப்பில் 14 கிலோவைத் தூக்கக் கூடாது. சில வாரங்கள் இரண்டு மூன்று கிலோவில் தொடங்கிப் படிப்படியாக ஏறுங்கள். அதுவரை நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், அவன் மடியில் ஏறட்டும். தூக்கும் காலம் வந்ததும் தரையிலிருந்து தூக்காமல், அவனை ஒரு முக்காலியிலோ கட்டில் மேலோ நிற்கவைத்து, உடலோடு ஒட்டி அணைத்து, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். வலப்பக்கம் ஸ்டோமா இருப்பதால் இடது இடுப்பில் வையுங்கள். ஸ்டோமா பக்கம் இழுப்பதுபோல் இருந்தாலோ புடைப்பதுபோல் தோன்றினாலோ இன்னும் நாள் ஆகவில்லை என்று கொள்ளுங்கள்.

பாரம் தூக்கும்போதும் ஓடும்போதும் அணிய, ஸ்டோமாவுக்கென்றே செய்யப்பட்ட அகலமான ஆதரவுப் பட்டை உண்டு. நீங்கள் இப்போது கட்டும் பெல்ட் அல்ல அது. வயிறு முழுவதையும் சீராகத் தாங்கும். பையைக் காலிசெய்துவிட்டு, படுத்த நிலையில் அணிய வேண்டும். அளவு எடுத்துத்தான் வாங்க வேண்டும். தூங்கும்போது வேண்டாம். குடலிறக்கத்தை அது உறுதியாகத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஒரு துணை, அவ்வளவே.

ஓட்டத்துக்கு வருவோம். அரை மணி நேரம் வேகமாக நடந்தும் அசௌகரியம் இல்லை என்றால், நடையின் நடுவே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மெல்லோட்டம் சேர்க்கலாம். கிளம்பும் முன் பையைக் காலிசெய்யுங்கள். நிறைந்த பை ஒவ்வொரு அடிக்கும் குதித்துத் தட்டை இழுக்கும். மற்ற நேரத்திலும் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலிசெய்வது நல்லது. உடலை ஒட்டிய உள்ளாடை பையை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டதும் வெளியேற்றம் கூடும் என்பதால் உங்களுக்கு எப்போது குறைவாக இருக்கிறது என்று கவனித்து அந்த நேரத்தில் ஓடுங்கள். பலருக்கு அது விடியற்காலை. வியர்வையில் தட்டு இளகும். புதுத் தட்டை ஓடுவதற்குச் சற்று முன் ஒட்டாமல் முந்தைய இரவே ஒட்டினால் பசை நன்றாகப் பிடிக்கும். தோலைக் கழுவ வெறும் நீர் போதும். எண்ணெய், கிரீம், ஈரப்பத சோப்பு எதுவும் தட்டின் கீழ் வேண்டாம்.

ஓடுபவர்களில் இலியாஸ்டமி உள்ளவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது உப்பும் நீரும் குறைவதற்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் இது வரவே இல்லை. நீரையும் உப்பையும் உறிஞ்சி மீட்டுத் தருவது பெருங்குடலின் வேலை. அது இல்லாததால் நாளொன்றுக்குச் சுமார் 500 முதல் 1000 மில்லிலிட்டர் வரை, உப்போடு சேர்ந்து, பை வழியே போகிறது. மேலே வியர்வையும் சேர்கிறது. தாகத்துக்கு வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் குடலுக்குள் உப்பு கரைந்து வந்து, வெளியேற்றம் இன்னும் கூடும். குடிக்கக் குடிக்க உடல் வறளும் விசித்திரம் இது. ஆகவே ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், பொட்டலத்தில் சொன்ன அளவு நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். சிறுநீரக நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் மட்டும், எவ்வளவு என்று உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் குறைந்து அடர்நிறமாவது, எழுந்து நின்றால் தலைசுற்றுவது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது எல்லாம் எச்சரிக்கை. ஒரு நாளில் பை வழியே ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் ஓட்டத்தை மறந்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

நீச்சலுக்கு இத்தனை பேச்சு தேவையில்லை. ஸ்டோமாவுக்குள் நீர் புகாது. பையைக் காலிசெய்து, பையில் காற்று வடிகட்டி இருந்தால் அதற்கான ஒட்டுத்தாளால் மூடி, தட்டு ஒட்டி ஒரு மணி நேரமாவது கழித்து இறங்குங்கள். கரையேறியதும் தட்டின் விளிம்பு வெளுத்து உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கவசம், அதாவது கெட்டியான மூடி, மோதலும் பந்தும் உள்ள விளையாட்டுகளுக்கானது. அமெரிக்கன் ஃபுட்பால் (உடலோடு உடல் மோதி ஆடும் ஆட்டம்) வீரர் ரோல்ஃப் பெனிர்ஷ்கே உங்களைப் போலவே அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்காக 1979இல் பெருங்குடலை இழந்தவர். 1980இல் பையோடு களத்துக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் ஆடினார். பந்தை உதைப்பதே அவர் பொறுப்பு என்பதால் மற்றவர்களைவிட மோதல் குறைவுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் அப்படி எதுவும் ஆடத் தொடங்கினால் கவசம் வாங்குங்கள், ஆட்டம் முடிந்ததும் கழற்றுங்கள். காரில் சீட் பெல்ட்டைத் தவிர்க்காதீர்கள். கீழ்ப்பட்டையை ஸ்டோமாவின் மேல் படாமல் இடுப்பெலும்போடு தாழ்த்திப் போடுங்கள்.

ஸ்டோமா ஊதா அல்லது கருப்பாக மாறினால், திடீரென்று நீண்டு வெளியே தள்ளி உள்ளே போகாவிட்டால், அதன் பக்கத்துப் புடைப்பு கெட்டியாகி வலித்தால், அல்லது நான்கைந்து மணி நேரம் எதுவுமே வராமல் வயிறு முறுக்கி வாந்தி எடுத்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

இந்த ஸ்டோமா தற்காலிகமா நிரந்தரமா என்று நீங்கள் எழுதவில்லை. மூடும் திட்டம் இருந்தால், பயிற்சியை எப்போது நிறுத்தி எப்போது தொடர்வது என்று அறுவை மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். மூடிய இடத்திலும் குடலிறக்கம் வருவதுண்டு. இந்த மாதங்களில் பலப்படுத்தும் தசை அப்போதும் பயன்படும்.