முன் பெஞ்சு யாருக்கு?

கேள்வி: எங்க கத்தோலிக்கக் கோயில் ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பூசைக்கு இப்ப டார்மிட்டரியில தங்கி வேலை பாக்கற வெளிநாட்டுத் தொழிலாளித் தம்பிங்க நிறைய வர்றாங்க. வேலை டிரஸ்ஸோடயே வந்து முன் பெஞ்சுல உக்காந்துடறாங்க. வாடை தாங்கல, குழந்தைங்களோட வர்றவங்க பின்னாடி நிக்க வேண்டியிருக்கு. அவங்களுக்குன்னு சாயங்காலம் தனியா ஒரு பூசை வச்சா அவங்களுக்கும் வசதி தானே? பங்குப் பேரவையில பேசலாம்னு இருக்கேன். இரக்கத்தோட தான் கேக்கறேன். — செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்: அவங்களுக்கும் வசதின்னு எழுதியிருக்கீங்களே, அவங்கள்ல ஒருத்தரையாவது கேட்டீங்களா?

வாடைன்னா, நைட் ஷிப்ட் முடிச்சவர் டார்மிட்டரிக்குப் போய்க் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள பூசை முடிஞ்சிடும், அதனால சைட்லேருந்து நேரா எம்ஆர்டி ஏறி வந்துடறார், அரசாங்கம் கட்டிக் கொடுத்த உங்க பிடிஓ வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டினப்பவும் இதே வாடை தான் இருந்திருக்கும், சாவி வாங்கற சந்தோஷத்துல உங்களுக்கு மூக்குல ஏறல. குழந்தைங்க நிக்கறது கஷ்டம் தான், ஒத்துக்கறேன். பத்து நிமிஷம் முன்னாடி வாங்க. டிஷ்யூ பாக்கெட் வச்சு இடம் பிடிக்க இது ஹாக்கர் சென்டர் இல்லியே.

பைபிள்ல யாக்கோபு திருமுகம் 2-ஆம் அதிகாரத்தை இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை படிங்க. தங்க மோதிரத்தோட வந்தவருக்கு நல்ல இடம், அழுக்குத் துணியோட வந்த ஏழைக்கு ‘நீ அங்க நில்லு’. இப்படிச் செஞ்ச சபையைத் தான் அவர் வெளுத்து வாங்கறார். அந்த சபைக்காரங்களும் தங்களை இரக்கம் இல்லாதவங்கன்னு நினைச்சிருக்க மாட்டாங்க.

உங்க கோயில்லயும் லூர்து மாதா கெபி (குகை மாதிரி கட்டின மாடம்) இருக்கும்னு நினைக்கிறேன். மாதா யாருக்குக் காட்சி கொடுத்தாங்க? 1858-ல பெர்னதெத்துங்கிற 14 வயசுப் பொண்ணுக்கு. ஆஸ்துமாக்காரி. அப்பா மாவு மில் கைவிட்டுப் போச்சு, வாடகை கொடுக்க வழியில்லாம மூடிப்போன பழைய ஜெயில்ல ஒரே ரூம்ல மொத்தக் குடும்பமும் கிடந்துச்சு, அன்னிக்கு அவ வெறகு பொறுக்கப் போனவ. அந்தப் பொண்ணு இப்ப உங்க பக்கத்துல வந்து உக்காந்தா அவளுக்கும் சாயங்காலப் பூசை தானா? இங்க ஓபிர் ரோடுல 1888-ல கட்டின லூர்து மாதா கோயிலே கப்பலேறி வந்த நம்ம ஆளுங்களுக்காக எழும்பினது தான், அவங்கள்ல எத்தனை பேர் சட்டையில சென்ட் அடிச்சிட்டு வந்தாங்களோ.

தனிப் பூசைன்னதும் எனக்கு வடக்கன்குளம் ஞாபகம் வருது. திருநெல்வேலிப் பக்கம். பீடத்துல மட்டும் ஒண்ணு சேர்ற மாதிரி ரெண்டு பக்கமா கோயிலைக் கட்டி, நடுவுல சுவர் வச்சு, சாதிக்கு ஒரு பக்கம்னு உக்கார வச்சாங்க. 1910-ல தான் அந்தச் சுவரை இடிச்சாங்க. அந்தக் காலத்துல செங்கல், நீங்க கேக்கறது டைம்டேபிள்.

2024 செப்டம்பர்ல போப் பிரான்சிஸ் வந்தப்ப, ஸ்டேடியம் பூசைக்கு டிக்கெட் குலுக்கல்ல விழலன்னு எத்தனை பேர் புலம்பினோம்! அன்னிக்குக் காலையில அவர் வெளிநாட்டுத் தொழிலாளிங்களோட மாண்பைக் காக்கணும், நியாயமான சம்பளம் கிடைக்கணும்னு பேசினாரே, அது பத்தி யாரும் பேசிக் கேக்கல.

ஷிப்ட் ஒத்துவரல, சாயங்காலம் ஒரு பூசை வேணும்னு அவங்களா கேட்டா அது வேற கதை, தாராளமா வைக்கலாம், நீங்களும் போகலாம். பேரவையில பேசத்தான் போறீங்கன்னா வேற ரெண்டு விஷயம் பேசுங்க. பூசைக்கு முன்னாடி தமிழ்ல பாவசங்கீர்த்தனம் கேக்க ஒரு சாமி இருக்காரான்னு கேளுங்க. கோயில் பின்னாடி இருக்கற குளியலறையை ஞாயித்துக்கிழமை காலையில திறந்து விட முடியுமான்னும் கேளுங்க, வாடைப் பிரச்சனை பாதி அதுலயே போயிடும்.