கல் பதிக்கும் முன் கலங்கலைப் பாருங்கள்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் இருக்கிறோம். எங்கள் ஏரிக்கரையை மேம்படுத்தப் போகிறார்களாம். என்ன வேண்டும் என்று எழுதித் தரச் சொல்கிறார் கவுன்சிலர். நடைபாதை, படகு, பூங்கா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை முதலில் எழுதுவது?

பதில்: தண்ணீர் வரும் வழியை முதலில் எழுதுங்கள் அம்மா. நல்ல மழை பெய்த மறுநாள் காலை ஏரிக்குப் போய், வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, ஏரி நிரம்பினால் மிச்ச நீர் வெளியேறும் கலங்கலில் தண்ணீர் வழிகிறதா என்று பாருங்கள். சேர்வராயன் மலையில் விழும் மழைதான் நம் ஊர் ஏரிகளை நிரப்பி, மிச்சம் திருமணிமுத்தாற்றில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. நடுவில் ஒரு பாலத்தடியில் குப்பை அடைத்தாலும் போதும், மேலே வெள்ளம், கீழே வறட்சி. வருவாய்த் துறையின் புலப்படத்தை, அதாவது நில அளவு வரைபடத்தை வாங்கி, வாய்க்காலின் அகலத்தை அதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மனுவிலேயே எழுதுங்கள்.

அடுத்தது சாக்கடை. கரையோர வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுத்த பிறகுதான் நடைபாதை என்று அடித்துக் கேளுங்கள். கல் பதித்த பிறகு அதைத் தோண்ட யாருக்கும் மனசு வராது. 'ஏரி சுத்தமாக வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். கோடையிலும் ஒரு லிட்டர் நீரில் கரைந்த ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்று எழுதுங்கள். மீன் வாழ மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லும் அளவு அது. சோதித்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாம்.

கரையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நெட்டுக்குத்தான கான்கிரீட் சுவர் வேண்டவே வேண்டாம். தவறி விழுந்த பிள்ளை அதில் பிடித்து ஏற முடியாது. கொக்கு இறங்கி நிற்க ஆழமில்லாத ஓரமும் இருக்காது. கோரையும் புல்லும் வளரும் சரிவான மண்கரை போதும். கன்னங்குறிச்சி மூக்கனேரியை ஒரு நடை பார்த்து வாருங்கள். 2010-இல் ஊர்மக்கள் சேர்ந்து சீரமைத்தபோது, தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் நட்டார்கள். இன்று அவற்றில் பறவைகள் அடைகின்றன.

அப்புறம், கரை யாருக்கு என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் பக்கம் தறிக்காரர்கள் நிறைய. வேலை முடிந்து எட்டு மணிக்கு வருபவருக்கு ஏழு மணிக்குப் பூட்டும் பூங்காவால் என்ன பயன்? நுழைவுக் கட்டணம் வேண்டாம், விளக்கும் கழிப்பறையும் வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். மீன் பிடிப்பவர், மாடு குளிப்பாட்டுபவர், துணி துவைப்பவர் இறங்க ஒரு துறையை விட்டு வைக்கச் சொல்லுங்கள். படகு கடைசியில் இருக்கட்டும். கோடையிலும் ஆழம் நின்றால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகாயத்தாமரையை ஆண்டுதோறும் அகற்றும் செலவு திட்ட மதிப்பீட்டிலேயே இருக்கிறதா என்றும் கேளுங்கள். மனுவை, வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.