பயனரின் சூழலுக்கேற்ப இயங்கும் செயலிக்கு ஜிபிஎஸ் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமா?

கடைக்கு அருகே சென்றதும் வாங்க வேண்டிய பொருள்களை நினைவூட்டும் ஆண்ட்ராய்டு செயலிக்கு, பயனரின் இருப்பிடத்தை நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை, கேட்டாலும் கிடைக்காது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0 முதல், பின்னணியில் இயங்கும் செயலிக்கு இருப்பிடத் தகவல் மணிக்குச் சில முறை மட்டுமே தரப்படுகிறது.

கூகுள் ப்ளே சேவைகளில் உள்ள ஜியோஃபென்சிங் வசதியே இதற்குப் பொருத்தமானது. கடையின் அட்சரேகை, தீர்க்கரேகை, சுற்று ஆரம் ஆகியவற்றைப் பதிவு செய்துவிட்டால், பயனர் அந்த வட்டத்துக்குள் நுழைவதையும் வெளியேறுவதையும் கண்காணிக்கும் பொறுப்பை அந்தச் சேவையே ஏற்றுக்கொண்டு, மின்கலத்தை அதிகம் தின்னாமல், உங்கள் செயலிக்குத் தகவல் அனுப்பும். ஆரம் 100 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஒரு செயலிக்கு 100 வட்டங்கள் வரை அனுமதி உண்டு. ஐஓஎஸில் 20 தான்.

ஆனால் இருப்பிடம் மட்டுமே சூழல் ஆகிவிடாது. பேருந்தில் கடையைக் கடந்து போகிறவருக்கு நினைவூட்டல் வெறும் தொல்லை. ஆகவே, வட்டத்துக்குள் குறிப்பிட்ட நேரம் தங்கியிருந்தால் மட்டுமே தெரிவிக்கும்படி அமையுங்கள். பயனர் நடக்கிறாரா, வாகனத்தில் செல்கிறாரா என்பதை ஊகிக்கும் ஏபிஐயும் (உங்கள் செயலி அழைத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரல் வசதி) இருக்கிறது. அது தன் ஊகத்துடன் 0 முதல் 100 வரையிலான நம்பக மதிப்பையும் தருவதால், குறைந்த மதிப்புள்ளவற்றைப் புறக்கணிப்பதே என் விருப்பம்.

ஆண்ட்ராய்டு 10 முதல் பின்னணி இருப்பிடத்துக்குத் தனி அனுமதி தேவை. பயனர் மறுத்தால், செயலி திறந்திருக்கும்போதாவது நினைவூட்டல் வேலை செய்யட்டும். கைபேசியை அணைத்துப் போட்டால் பதிவான வட்டங்கள் அழிந்துவிடும் என்பதால், அவற்றை மறுபடி பதிவு செய்யும் நிரலையும் சேர்த்துவிடுங்கள்.