பிலிப்பைன்சின் தால் ஏரியைப் பார்த்தபடி திருமண நாள் விருந்து: கடன் அட்டைப் பாக்கியை வைத்துக்கொண்டு போகலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் மூன்று ஆண்டுகளாக மணிலாவை ஒட்டிய தகீக் நகரில் வசிக்கிறோம். சொந்த ஊர் கும்பகோணம். கணவர் இங்கே மென்பொருள் துறையில் இருக்கிறார். பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 1,10,000 பெசோ. விசா விதிப்படி நான் வேலை பார்க்க முடியாது. வாடகை, வீட்டுச் செலவு, ஊருக்கு அனுப்பும் 25,000 பெசோ எல்லாம் போக மாதம் 12,000 பெசோ அளவுக்கு மிஞ்சும். சென்ற ஆண்டு ஏசியும் வாஷிங் மெஷினும் வாங்கியதில் கடன் அட்டையில் 64,000 பெசோ பாக்கி இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையை மாதம் தவறாமல் கட்டிவருகிறோம். அவசரத்துக்கென்று சேமிப்புக் கணக்கில் 1,20,000 பெசோவைத் தொடாமல் வைத்திருக்கிறோம்.

வரும் ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்களுடைய பத்தாவது திருமண நாள். தகாய்தாய் என்ற மலையூரில், தால் ஏரியும் அதன் நடுவிலுள்ள எரிமலைத் தீவும் தெரியும் ஒரு பிலிப்பினோ உணவகத்தில் மதிய விருந்து சாப்பிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தலைக்கு 5,500 பெசோ ‘பிளஸ் பிளஸ்’ என்று ஒரு செட் மெனு சொல்கிறார்கள். சாப்பாட்டுக்கு 11,000, ஓட்டுநருடன் காருக்கு 5,000, கேக்குக்கு 2,000 என மொத்தம் 18,000 ஆகும். அட்டையில் தேய்த்துவிட்டு 12 மாதத் தவணையாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். கடன் இருக்கும்போது இது தேவையா என்று எனக்கு உறுத்துகிறது. நான் சைவம், முட்டை மட்டும் உண்பேன்; அவர் மாட்டிறைச்சி தவிர மற்றவை உண்பார். என்ன செய்யலாம்?

பதில்: விருந்துக்குப் போங்கள் அம்மா. ஆனால் அட்டையில் தேய்க்க வேண்டாம். அந்த செட் மெனுவும் வேண்டாம். உங்களை உறுத்த வேண்டியது விருந்தே அல்ல, 1,20,000 பெசோ சேமிப்பும் 64,000 பெசோ கடனும் ஓராண்டாக அருகருகே இருந்துகொண்டிருப்பதுதான் என்பதால், அதை முதலில் பார்த்துவிடுவோம்.

பிலிப்பைன்ஸ் மத்திய வங்கி 2023 ஜனவரியிலிருந்து கடன் அட்டை வட்டிக்கு மாதம் 3% என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெரும்பாலான வங்கிகள் அந்த வரம்பையோ அதற்கு மிக அருகிலோதான் வசூலிக்கின்றன. உங்கள் 64,000 பெசோவுக்கு அந்த விகிதத்தில் மாத வட்டி 1,920 பெசோ. நீங்கள் தவறாமல் கட்டுவதாகச் சொல்லும் குறைந்தபட்சத் தொகையில் முதல் 1,920 பெசோ வட்டிக்கே போய்விடுகிறது. அசல் மெதுவாகத்தான் கரைகிறது. மறுபக்கம், இங்குள்ள பெரிய வங்கிகள் பலவும் சாதாரண சேமிப்புக் கணக்குக்குத் தருவது ஆண்டுக்கு 0.0625% வட்டிதான். உங்கள் 1,20,000 பெசோவுக்கு அது ஓராண்டுக்கு 75 பெசோ. அதிலும் 20% வரியாகப் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் கைக்கு வருவது 60 பெசோ. ஆண்டுக்கு 60 பெசோ ஈட்டித் தரும் பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, மாதத்துக்கு 1,920 பெசோ வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவசரப் பணத்தைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு நல்லதே. ஆனால் இந்தக் கடன்தான் இப்போது உங்கள் வீட்டின் அவசரம்.

எனவே சேமிப்பிலிருந்து 64,000 பெசோவை எடுத்து அட்டைப் பாக்கியை ஒரே தடவையில் தீர்த்துவிடுங்கள். மிச்சம் 56,000 பெசோ இருக்கும். ‘அவ்வளவுதானா’ என்று உங்களுக்குக் கலக்கமாக இருக்கலாம். அந்தக் கலக்கத்தில் நியாயமும் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கு வேலையோடு விசாவும் பிணைந்திருப்பதால், வேலை போனால் சம்பளம் நிற்பதோடு இங்கே தங்கும் உரிமையும் கேள்விக்குள்ளாகும். அதனால் இருவரும் ஊர் திரும்ப ஒருவழி டிக்கெட்டுக்கும் ஒரு மாத வீட்டுச் செலவில் ஒரு பகுதிக்கும் போதுமான பணம் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பதே உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு நான் வைக்கும் குறைந்தபட்ச எல்லை. 56,000 பெசோ அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் கடன் தீர்ந்த மறுமாதமே, இதுவரை அட்டைக்குப் போய்க்கொண்டிருந்த குறைந்தபட்சத் தொகையும் உங்கள் 12,000 பெசோ மிச்சத்தோடு சேர்ந்துகொள்ளும். அதோடு, டிசம்பர் 24-க்குள் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்ற கூடுதல் ஊதியத்தைத் தரவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். இத்தகைய கூடுதல் ஊதியங்களில் 90,000 பெசோ வரை வருமான வரியும் இல்லை. அதை அப்படியே சேமிப்பில் போட்டால், கிறிஸ்துமசுக்குள் நீங்கள் எடுத்த பணம் திரும்பிவிடும் என்பதோடு கூடுதலாகவும் சேர்ந்திருக்கும்.

கணவர் சொல்லும் தவணை யோசனைக்கு வருகிறேன். அட்டையில் வாங்கியதைத் தவணையாக மாற்றும்போது மாதம் 1%-க்கு மேல் வாங்கக்கூடாது என்பதும் மத்திய வங்கியின் விதிதான். ‘ஒரு சதவீதம்தானே’ என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு சதவீதத்தை மாதாமாதம் குறைந்துவரும் பாக்கிக்குப் போடுவதில்லை. கடைசித் தவணை வரை முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே போடுகிறார்கள். 18,000 பெசோவுக்கு 12 மாதத்தில் 2,160 பெசோ வட்டி என்றால், பாக்கி குறைந்துகொண்டே போவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான விகிதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 21% ஆகிறது. பத்தாவது திருமண நாள் சாப்பாட்டின் கடைசித் தவணையைப் பதினோராவது திருமண நாள் சமயத்தில் கட்டிக்கொண்டிருப்பீர்கள். தவணையாகவும் மாற்றாமல் வெறுமனே தேய்த்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பழைய பாக்கி நிலுவையில் இருக்கும் அட்டையில் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைக்காது. கணக்கில் ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அந்த 18,000 பெசோவைத் தொடாமல் ஓராண்டு விட்டால், மாதம் 3% கூட்டுவட்டியில் 7,600 பெசோவுக்கு மேல் ஏறியிருக்கும்.

அடுத்து, நீங்கள் போட்ட 18,000 பெசோ கணக்கே சற்றுக் குறைவு. உணவகங்கள் ‘பிளஸ் பிளஸ்’ என்று சொன்னால், அந்த விலைக்கு மேல் 12% மதிப்புக்கூட்டு வரியும் சேவைக் கட்டணமும் தனியாகச் சேரும் என்று பொருள். சேவைக் கட்டணம் பெரும்பாலும் 10%. இரண்டையும் அடிப்படை விலையின்மேல் போட்டால் தலைக்கு 5,500 என்பது 6,710 ஆகிறது, இருவருக்கு 13,420. கார் வாடகையில் பெட்ரோலும் சுங்கமும் அடக்கமா என்று கேட்டீர்களா? எத்தனை மணி நேரத்துக்கு அந்த 5,000, அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு? ஆகஸ்டின் கடைசித் திங்கட்கிழமை இங்கே தேசிய வீரர்கள் தினம் என்பதால், நீங்கள் சொல்லும் ஞாயிறு ஒரு நீண்ட வார இறுதியின் நடுநாள். மணிலாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான் என்றாலும், அத்தகைய நாட்களில் தகாய்தாய்ச் சாலையில் கார்கள் நகராது. மணிக்கணக்கில் வாடகை ஏறுவது அங்கேதான். கேக்கை வெளியிலிருந்து கொண்டுபோனால் சில உணவகங்கள் கார்க்கேஜ் என்று தனிக்கட்டணம் வாங்கும். எல்லாம் சேர்ந்தால் 22,000 பெசோவை எளிதில் தொட்டுவிடும்.

சேவைக் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசூலாகும் சேவைக் கட்டணம் முழுவதும் மேலாளர் நிலைக்குக் கீழுள்ள ஊழியர்களுக்கே பகிரப்பட வேண்டும். ஆகவே பில்லில் அது இருந்தால், அதற்குமேல் பெரிய டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மனம் விரும்பிக் கொடுப்பது வேறு.

செட் மெனுவை நான் வேண்டாம் என்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. தகாய்தாய் என்றாலே எல்லோரும் முதலில் சொல்வது புலாலோ என்னும் மாட்டெலும்பு சூப். அதை நீங்கள் இருவருமே தொடமாட்டீர்கள். பிலிப்பினோ சமையலில் காய்கறிப் பண்டங்கள்கூடச் சைவமாக இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. கத்தரி, வெண்டை, பாகல் போட்ட பினாக்பெட்டில் பகோங் என்னும் இறால் விழுது இருக்கும். தேங்காய்ப்பாலில் சேப்பங்கிழங்கு இலையை வேகவைத்த லயிங்கில் கருவாடோ பன்றி இறைச்சியோ சேர்ந்திருக்கும். செட் மெனுவின் ஏழெட்டுத் தட்டுகளில் நீங்கள் இரண்டையோ மூன்றையோ சாப்பிட்டுவிட்டு 6,710 பெசோ கொடுப்பது, காட்சிக்காகக் கொடுக்கும் விலை என்று பார்த்தாலும் அதிகம்தான்.

அதே மலைமுகட்டில், அதே ஏரியைப் பார்த்தபடி, தட்டுக்குத் தட்டு ஆர்டர் செய்யும் பிலிப்பினோ உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே உங்களுக்குச் சுட்ட கத்தரிக்காயை முட்டையில் தோய்த்துப் பொரித்த தோர்த்தாங் தலோங் கிடைக்கும். கீமா சேர்க்காமல் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். சுட்ட கத்தரிக்காய் சாலட், பூண்டு சாதம், பிறகு முட்டையும் பாலும் சேர்த்த லெச்சே பிளான் என்ற இனிப்பு, வாழைப்பழத்தை மெல்லிய மாவுத்தாளில் சுருட்டிப் பொரித்த துரோன், பத்தாங்காஸ் பக்கத்து பராக்கோ காப்பி என்று சாப்பாடு நிறைவாகவே முடியும். கணவர் தால் ஏரியில் மட்டுமே வாழும் தவிலிஸ் என்ற சிறுமீனைப் பொரித்துச் சாப்பிடலாம்; விலையும் பெரிதாக இராது. மலிபுத்தோ என்ற பெரிய மீனை விரும்பினால் மட்டும் எச்சரிக்கை தேவை. அது எடைக்கு விற்கப்படும். மெனு அட்டையில் விலை இல்லாமலும் இருக்கலாம். சமைக்கச் சொல்வதற்கு முன் எடையையும் கிலோ விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செட் மெனுவில் மிச்சப்படுத்தியது இந்த ஒரு தட்டில் போய்விடும். அந்த மீனைத் தவிர்த்தால் இருவருக்கும் 3,500 பெசோவுக்குள் முடித்துவிடலாம் என்பது என் மதிப்பீடு.

ஆகஸ்ட் இங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம் என்பதும் கணக்கில் வர வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் ஏரியும் தெரியாது, தீவும் தெரியாது. மேசைக்கு வெளியே வெண்மை மட்டுமே இருக்கும். அதற்குத்தான் கூடுதல் விலை கொடுத்திருப்பீர்கள். (எல்லோரும் எரிமலை என்று படமெடுத்துக்கொள்ளும் அந்த அழகான கூம்பு உண்மையில் பினின்தியாங் மலாக்கி என்னும் பக்கக் கூம்பு, எரிமலையின் முதன்மை வாய் அதற்குப் பின்னால் இருக்கிறது.) தால் வெறும் அலங்காரப் பொருளும் அன்று. 2020 ஜனவரி 12 அன்று அது வெடித்தபோது தகாய்தாய் முழுதும் சாம்பல் படிந்து கடைகள் மூடிக்கிடந்தன. எனவே மேசைக்கு முன்பணம் கேட்டால், மழை காரணமாகவோ எரிமலை எச்சரிக்கை காரணமாகவோ தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் சாப்பாட்டுச் செலவில் கழிக்கப்படுமா என்றும் கேளுங்கள். ‘கன்ஸ்யூமபிள்’ என்று அவர்கள் சொன்னால் அது கழிக்கப்படும், ஆனால் அந்தத் தொகைக்குக் குறைவாகச் சாப்பிட்டால் மிச்சம் திரும்பாது. திருமண நாளன்றே போக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், விடுமுறை முடிந்த பிறகு வரும் ஒரு வார நாளில் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு போவதே நல்லது. சாலை காலியாக இருக்கும், ஜன்னலோர மேசையும் கிடைக்கும்.

அப்படிப் போனால் சாப்பாடு 3,500, கார் 5,000, கேக்குக்குப் பதில் அங்கேயே ஓர் இனிப்பு என்று 9,000 பெசோவுக்குள் நிற்கும். காரில்தான் போக வேண்டும் என்றில்லை. மணிலாவை ஒட்டிய பரஞாக்கே நகரின் பேருந்து முனையத்திலிருந்து தகாய்தாய்க்கு நேரடிப் பேருந்துகள் இருக்கின்றன, அப்போது செலவு பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் பத்தாவது திருமண நாளுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பேருந்தில் போகச் சொல்லும் அளவுக்கு நான் கறாரான ஆள் இல்லை. 9,000 பெசோ என்பது உங்கள் ஒரு மாத மிச்சத்துக்குள் அடங்குகிறது. அந்த மாதச் சம்பளம் வந்ததும் அதைத் தனியே எடுத்துவைத்துப் பணமாகவோ டெபிட் அட்டையிலோ கொடுங்கள்; சேமிப்பில் மிஞ்சியிருக்கும் 56,000 பெசோவிலிருந்து ஒரு பெசோவும் இதற்கு வர வேண்டாம்.

அட்டைப் பாக்கியைத் தீர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைசியாக வந்த பில்லில் உள்ள தொகையைக் கட்டினாலும், அந்த பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில் வரும். பலர் கடன் முடிந்தது என்று எண்ணி அந்த பில்லைத் திறந்தே பார்ப்பதில்லை; சில நூறு பெசோ வட்டியின் மேல் தாமதக் கட்டணம் ஏறிவிடுகிறது. அதனால் கட்டும் நாளன்றே வங்கியை அழைத்து அன்றைய தேதி வரையிலான முழுத்தொகையைக் கேட்டுக் கட்டுங்கள். அடுத்த பில்லில் பாக்கி பூஜ்யம் என்று வரும்வரை அந்த அட்டையைப் பயன்படுத்த வேண்டாம்.